என் முகத்தைப் பார்த்து

"ஒச்ச போடாதட்டி! நீ இப்பிடிக் கத்துனா எனக்கா கேக்கப் போவுது? கோட்டாறு முழுக்கத்தான் கேக்கும்."

"பின்ன உங்களுக்கு நான் எப்பிடிப் பறையட்டு?"

"நீ பாட்டுக்குச் சொல்லு. நான் உனக்க முகத்தப் பாத்துக்கிடுதேன்."

ஒன்பது வருடங்களுக்கு முன், கோட்டாற்றில் ஒரு துணிக்கடையில் நடந்த பேச்சு அது. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்ததில் மரியஜான் கூனிக் குறுகிப் போய் நின்றார். அவர் மனைவி இசபெல்லுக்கோ அவர் கடைசியாகச் சொன்னது மட்டும் நெஞ்சில் தங்கிவிட்டது.

ஷார்ஜாவில் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய இரண்டு காதையும் கொண்டுபோயிருந்தது. வேலையை விட்டுவிட்டு தேங்காய்ப்பட்டணத்துக்கே வந்துவிட்ட மனிதர், சொன்ன சொல் தவறவில்லை. அவள் வாய் திறந்தால் போதும், செய்துகொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்ப்பார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை மதியம், அந்த இசபெல் வீட்டை விட்டுப் போவதற்காகப் பையைக் கட்டி வாசலோரம் வைத்திருந்தாள்.

எல்லாம் காது கேட்க வைக்கும் அந்தக் காக்ளியர் கருவி வந்த பிறகுதான். ஈஸ்டர் கழிந்து திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் நடந்தது. "வீட்டுல உள்ளவங்க பேசப் பேசத்தான் காது பழகும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். காதுக்குப் பின்னால் கருப்பு வட்டம் ஒன்றை ஒட்டிக்கொண்டு வந்தவருக்கு மீன்காரியின் குரல் கேட்டது, தென்னை மட்டை விழுவது கேட்டது, மகள் அபினாவின் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே கேட்டது.

மனைவி பேசினால் மட்டும் அவர் திரும்புவதே இல்லை.

காலையில் கோயிலில் நடந்ததுதான் அவளை ஒரேயடியாக உடைத்துவிட்டது. முன்பெல்லாம் பிரசங்கத்துக்கு நடுவே முன்பெஞ்சுக்காரியின் சேலை, மத்தியானம் வைக்கப்போகும் மீன் என்று அவள் சொல்லிக்கொண்டே போவாள். அவர் சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவார். பின்பெஞ்சில் இருக்கும் பக்கத்து வீட்டு ஓமனா ஒரு நாளும் அவர்களை முறைத்ததில்லை.

இன்றும் அப்படித்தான் ஏதோ சொன்னாள். அவர் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பின்னால் ஓமனா லேசாக இருமியதும் சட்டென்று திரும்பி, "என்ன ஓமனா, தடுமனா?" என்று விசாரித்தார்.

வெளியே வந்ததும் ஓமனா சும்மா இருக்கவில்லை. "செவி கிட்டுனதும் உனக்க மாப்பிளைக்கு ஊருல உள்ள பேச்செல்லாம் வேணும். உன்னத்தான் வேண்டாம் போலிருக்கு!"

இசபெல்லும் சிரித்துத்தான் வைத்தாள். வீடு வருவதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

சோறு பரிமாறிக் குழம்பை ஊற்றினாள். அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெளியே காக்கைகள் சண்டையிட்டன. உடனே தலையை நிமிர்த்தி, "ஏட்டி அபினா, கேட்டியா? என்னா சண்டை!" என்று அடுக்களைப் பக்கம் பார்த்துச் சொன்னார்.

"நீங்க பெரிய காதுக்காரருதான்!" என்றாள் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அபினா. அவர் சிரித்தார்.

இசபெல் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "நான் புதுக்கடைக்குப் போறேன், அக்கா வீட்டுக்கு."

அவர் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"திரும்பி எப்ப வருவேன்னு தெரியாது."

அவர் பார்வை மட்டும் மெல்ல நகர்ந்து, வாசலோரம் இருந்த பையில் போய் நின்றது. சோற்றில் இருந்த கை அசையாமல் நின்றது. எங்கே போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், பையைப் பிரித்துச் சேலைகளை அலமாரியில் அடுக்கிவிடுவாள். அவர் கேட்கவில்லை. தலையை மறுபடியும் தட்டுக்குக் குனிந்துகொண்டார்.

அவளுக்குள் ஏதோ அறுந்தது. அவர் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"எனக்க முகத்தப் பாத்துப் பேசுங்க! காக்கா கரையது கேக்குது, ஓமனா இருமுனது கேக்குது. நான் பறையது மட்டும் கேக்காதோ? செவி வந்தாச்சு, இனி இவ முகம் என்னத்துக்குன்னு நினைச்சாச்சா? அப்பிடின்னா சொல்லிடுங்க, நான் போறேன்!"

இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்த அத்தனையையும் கொட்டித் தீர்த்துவிட்டாள். மூச்சு வாங்கியது. கண்ணீர் வழிந்தது.

அடுக்களையிலிருந்து அபினா கேட்டாள். "எம்மா! என்ன, அங்க ஒரு அனக்கமும் இல்ல, பேச்சுச் சத்தமும் இல்ல? ரெண்டு பேரும் சாப்பிட்டு உறங்கியாச்சா?"

இசபெல் திடுக்கிட்டாள். அடுக்களைக் கதவு திறந்துதான் கிடந்தது. மகள் நாலெட்டு தூரத்தில்தான் நின்றாள்.

மரியஜான் அவள் கையை முகவாயிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"அபினாட்ட நீ பேசுதே, கேக்குது. மீன்காரிட்ட வெல பேசுதே, அதும் கேக்குது. எனக்கிட்ட மட்டும் வெறும் உதடுதான் அசையுது. முகத்தத் திருப்பிக்கிட்டு இருந்தாலாவது என்னயும் அப்பிடிக் கூப்பிடுவியான்னு பாத்தேன்."

இசபெல்லின் இன்னொரு கை தானாகவே தன் தொண்டைக்குப் போனது.

"அண்ணைக்கு ஒச்ச வேண்டாம்னது நான்தான். எந்த வாயால திருப்பிக் கேப்பேன்?" அவர் அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இனி ஒச்ச போட்டுப் பேசுட்டி."