மூன்றாம் நாள் எழுந்தவன்

மேடையில் நிற்பவன் ஒருநாளும் செத்ததில்லை.

பெற்றவளுக்குத் தெரியாதா?

ஆனால் மைக்கில் அவன் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஏழு வயசுல மரிச்சேன். மூணாம் நாள் எழுந்தேன். திரும்ப வருவேன்னு சொன்னவர் வந்துட்டார். இதோ, ஒங்க முன்னாடி நிக்கிறார்."

பந்தல் முழுக்க ஜனம் முழங்காலில் விழுந்தது.



மகன் ஆமோஸ் ஊழியம் செய்கிறான், நாலு பேருக்காக ஜெபிக்கிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கார் அனுப்பிக் கூப்பிட்டபோது பெருமையாகத்தான் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

கிறிஸ்து இங்கே இருக்கிறார் என்று எவனாவது சொன்னால் நம்பாதே. அந்த வசனத்தைச் சின்ன வயதில் அவனுக்கு மனப்பாடம் செய்ய வைத்தவளே அவள்தான்.

"என்னைப் பெத்த தாயே சாட்சி." அவன் மைக்கை, மேடையில் பக்கத்தில் நின்ற அவள் வாயருகே நீட்டினான். "சொல்லுங்கம்மா."

அவன் கண்களைப் பார்த்தாள். பொய் சொல்லும்போது தாழ்கிற கண்கள் அவை.

தாழவில்லை.

தான் சொன்னதை அவனே நம்பினான்.



"எலே, ஒனக்கு டைபாய்டுல்லா வந்திச்சு," என்றாள். "பெரியாஸ்பத்திரில ஊசி போட்டுல்லா பொழைச்ச."

யாரோ மைக்கை அணைத்துவிட்டார்கள். கீபோர்டு அலறியது. அல்லேலூயா என்று ஜனம் ஆர்ப்பரித்தது.

முன்வரிசையில் இருந்த ஒருத்தி மட்டும் தலை நிமிர்ந்தாள். மடியில் பெண் குழந்தை. கண் சொருகிக் கிடந்தது.

ஆமோஸின் தாய் படியிறங்கிப் போய்க் குழந்தையின் நெற்றியைத் தொட்டாள்.

கொதித்தது.

"மருந்து குடுக்கியா தாயி?"

"ஆண்டவரு நிறுத்தச் சொல்லிட்டாரும்மா."

"எந்த ஆண்டவரு?"

அந்தப் பெண் மேடையைக் கைகாட்டினாள்.

 ஆமோஸைப் பெற்றவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.  குரல் கெஞ்சலாக வந்தது.

"அவன் என் வயித்துல பொறந்தவன்மா. காய்ச்சல் வந்தா அனத்துவான். மருந்து குடுத்துதான் காப்பாத்துனேன்."

அந்தப் பெண் மேடையைப் பார்த்தாள். அங்கே அவன் இரண்டு கைகளையும் விரித்து நின்றான்.

மணலில் இருந்தவளைப் பார்த்தாள்.

பிறகு, குழந்தையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, காலால் செருப்பைத் துழாவத் தொடங்கினாள்.