ஹார்லனின் மலிவுத் துப்பாக்கி

ஹார்லன் துப்பாக்கியை என் ரிப்பேர் மேசைமேல் வைத்தான்.

“இது மூணாவது தடவை. அணில் எதிர்லயே உக்காந்திருக்கு. விசையை இழுத்தா ‘டிக்’னு மட்டும் கேக்குது. அது வாலை ஆட்டிட்டுப் போகுது.”

“கெண்டக்கியிலேயே மலிவானதைத் தேடி வாங்கினா அப்படித்தான்,” என்றேன்.

“எப்படியாவது சரிபண்ணிக் குடுங்க,” என்றாள் அவன் மனைவி வெர்னா. “போன மாசம் ஒரே ஒரு அணில்தான் கிடைச்சுது. பாஸ்டருக்கு மட்டுந்தான் குழம்பு குடுக்க முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை சர்ச் விருந்துல எல்லாருக்கும் போடணும்.”

தோட்டாவைத் தட்டும் ஊசி தேய்ந்திருந்தது. புதிதாக ஒன்று போட்டு, கடைக்குப் பின்னால் அவர்கள் கண்ணெதிரே பத்துத் தோட்டாக்கள் சுட்டேன். பத்தும் வெடித்தன. வெர்னாவின் முகம் மலர்ந்தது.

“எண்ணெய் போட்டு வைக்கிறேன். சாயங்காலம் வந்து எடுத்துக்கோ,” என்றேன் ஹார்லனிடம்.

அவர்கள் போனதும் போன் அடித்தது. பாஸ்டர்தான்.

“துப்பாக்கி வந்துச்சா?”

“வந்துச்சு. புது ஊசியைக் கழட்டிட்டு வழக்கம்போல பழசையே மாட்டிக்கிட்டிருக்கேன்.”

“அதை இன்னும் கொஞ்சம் ராவி விடுப்பா. வெர்னா வச்ச அந்த ஒரு கிண்ணக் குழம்பைக் குடிச்சவன் நான். ஊரைக் காப்பாத்தற பொறுப்பு எனக்கு இருக்கு.”