குடோனுக்குப் போ

“ஏ அன்புச்செல்வி, நட்டுவச்ச மரம் மாதிரி நிக்கிறியே. மேல குடோனுக்குப் போயி மாம்பழக் கலர்ல பட்டு இருக்கான்னு பாரு. கிடைக்காம கீழ வராத.”

சூப்பர்வைசர் வெள்ளைச்சாமி போட்ட சத்தத்தில், புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அன்புச்செல்வி ஆறு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள்.

ஓரமாக நின்று பார்த்த நீரஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் உடலியல் ஆராய்ச்சி மாணவி. நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்ப்பவர்களின் இதயம் என்ன பாடு படுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. அதற்காக இந்த தி.நகர் ஜவுளிக்கடைப் பெண்களின் மணிக்கட்டில் வாட்ச் மாதிரி ஒரு பட்டையைக் கட்டிவிட்டிருந்தாள். இதயம் எந்த நேரத்தில் எவ்வளவு துடிக்கிறது என்று அது பதிந்துகொண்டே இருக்கும்.

ஊழியர்கள் உட்கார வசதி வேண்டும் என்று சட்டம் வந்ததும் கடைக்கு ஸ்டூல்கள் வந்தன. வந்த அன்றே அவற்றின் மேல் புடவைக் கட்டுகள் உட்கார்ந்துகொண்டன.

அன்புச்செல்வி திரும்பி வந்ததும் நீரஜா மெதுவாகக் கேட்டாள். “தினமும் இப்படித்தான் விரட்டுறாரா?”

“அஞ்சாறு தபா அனுப்புவாரு மேடம். என்னை மட்டும் இல்ல, எல்லாரையும்தான்.”

“நீங்க யாரும் எதிர்த்துக் கேக்க மாட்டீங்களா?”

“இன்னாத்த கேக்குறது? அவரு நல்லா இருக்கட்டும். வுடுங்க மேடம்.”

பயந்துபோய்ப் பேசுகிறாள் என்று நீரஜாவுக்குத் தோன்றியது. நேராக முதலாளி கதிரேசனின் அறைக்குப் போனாள்.

“சார், உங்க சூப்பர்வைசரைப் பத்தி நாளைக்குப் பேசணும். பொண்ணுங்களை குடோனுக்கு ஏத்தி இறக்கி வதைக்கிறார். நான் வாயால சொல்லல. அந்தப் பட்டையே சொல்லும்.”

“சொல்லட்டும்மா. கடைப் பேரு கெட்டா அன்னைக்கே அவன் சீட்டைக் கிழிச்சிடுவேன். பழைய ஆளுன்னெல்லாம் பாக்க மாட்டேன்.”

சொல்லும்போதும் அவர் கண் எதிரே இருந்த கேமரா டிவியை விட்டு நகரவில்லை. “அங்க யாருடா அது, தூண்ல சாஞ்சுக்கிட்டு நிக்கிறது?” என்று போனில் கத்தினார்.

அன்று மாலை, அடையாறு விடுதி அறையில் லேப்டாப்பைத் திறந்த நீரஜா குழம்பிப்போனாள்.

கீழே நிற்கும்போது அன்புச்செல்வியின் துடிப்பு நூறைத் தொட்டது. மாடி ஏறினால் இன்னும் எகிற வேண்டும். ஆனால் குடோனுக்குப் போன நேரத்திலெல்லாம் எண்பதுக்கு இறங்கியிருந்தது. ஒரு பட்டை லூசாக இருக்கலாம். மற்றவர்களுடையதைப் பார்த்தாள். எல்லாப் பட்டையும் அதையேதான் சொன்னது.

மறுநாள் கடைக்குள் நுழைந்ததும் யாரிடமும் சொல்லாமல் மாடி ஏறி, குடோன் கதவைத் தள்ளினாள்.

அட்டைப்பெட்டிச் சுவருக்குப் பின்னால் ஒரு டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டி, அன்புச்செல்வி கண்ணை மூடியிருந்தாள். பக்கத்தில் இன்னொரு விற்பனைப் பெண் ஷாகிரா டீயில் பன்னை நனைத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க மேடம், உக்காருங்க. உங்களையும் வெள்ளைச்சாமி அண்ணாச்சி திட்டிட்டாரா?” என்றாள் ஷாகிரா.

“இங்க என்ன பண்றீங்க?”

“உக்காந்துகினு கீறோம். கீழ உக்காந்தா கேமராவுல முதலாளி பாத்துருவாரு. இங்க கேமரா இல்ல. சும்மா அனுப்பினா சந்தேகம் வரும்னு அண்ணாச்சி திட்டி அனுப்புவாரு. சத்தம் கூடக் கூட நேரம் கூடும். சோம்பேறின்னா பத்து நிமிஷம். தூங்குமூஞ்சின்னா கால் மணி.”

“இவங்க மாடி ஏறி...”

“மாடியா? நல்லா சொன்னீங்க. சரக்கு லிஃப்ட்ல வர்றா மகராணி. அந்த ஃபேன்கூட அண்ணாச்சி வீட்டுதுதான்.”

“எங்கிட்ட நீங்க ஏன் சொல்லல?”

ஷாகிரா பன்னைக் கீழே வைத்தாள். “நீங்க முதலாளி ரூம்ல காபி குடிக்கிறவங்க மேடம். எப்படிச் சொல்றது?”

நீரஜாவுக்குச் சுருக்கென்றது.

கீழே வந்தபோது முதலாளி தன் அறையில் அவளுக்காகக் காத்திருந்தார். கதவோரமாக வெள்ளைச்சாமி நின்றிருந்தார். குரலையெல்லாம் எங்கேயோ தொலைத்துவிட்டவர் மாதிரி இருந்தார். கையில் இருந்த அளவு டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

“ஆளை வரச் சொல்லிட்டேன்மா. பட்டை என்ன சொல்லுது? இவன் முன்னாடியே சொல்லு.”

“நான்தான் தப்பா நினைச்சுட்டேன் சார். குடோனுக்குப் போய்ட்டு வர்றது அவங்க இதயத்துக்கு ரொம்ப நல்லதுன்னு பட்டை சொல்லுது.”

வெள்ளைச்சாமியின் கையிலிருந்த டேப் நின்றது.

“அப்படிப் போடு” என்று கதிரேசன் நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டார். “ஓடியாடி வேலை செஞ்சா உடம்புக்கு நல்லதுதானே. அப்ப இவன் மேல குறை ஒண்ணும் இல்லையா?”

நீரஜா வெள்ளைச்சாமியைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஒரே ஒரு குறைதான் சார். இன்னும் கொஞ்சம் சத்தமா திட்டலாம்.”