டேப் முடிந்த இடம்

ஆட்டம் முடிந்த பள்ளி மைதானத்தில் வெயில் சாய்ந்து, கூடைப்பந்துக் கம்பத்தின் நிழல் ஜெனிபாவின் காலடிவரை நீண்டு கிடக்கிறது. கல்லூரி அணிக்கு ஆள் எடுக்கக் கோவையிலிருந்து வந்திருக்கும் கோச் சாரதாமணி, "கையை ரெண்டு பக்கமும் விரிச்சு நில்லு கண்ணு," என்கிறார். அளக்கத்தான் அவரிடம் ஒன்றுமில்லை. ஜெனிபாவின் அம்மா விஜயராணி தன் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பை உருவி நீட்டுகிறாள்; பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளை விட்டு அப்படியே ஓடிவந்தவள், அதைக் கழற்ற மறந்திருந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. பகல் முழுக்க வெள்ளைக்காரர்கள் போடப்போகும் பனியன்களை அளந்த டேப், மகளின் இடது விரல்நுனியில் தொடங்கி, வியர்வையில் ஒட்டி, தோளைக் கடந்து, பிடரி வழியாகப் போய், வலது முழங்கையைத் தாண்டியதும் தீர்ந்துபோகிறது. கை இன்னும் மிச்சம் இருக்கிறது. "டேப்பு பத்தலியே மேடம்!" விஜயராணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. சாரதாமணியின் குரலும் ஏறிவிடுகிறது: "ஏனுங்க, சீட்டும் ஹாஸ்டலும் நாங்க குடுத்தர்றோமுங்க. வேற யாருக்கும் வாக்குக் குடுத்துப்போடாதீங்க!" டேப் முடிந்த இடத்தில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்தபடியே விஜயராணி சொல்கிறாள்: "பரீட்சை முடிஞ்சதும் வேலைக்கு அனுப்புதேன்னு எங்க கம்பெனியிலதான் சொல்லி வச்சிருந்தேன் மேடம். இந்தா போயி, இவ வரலைன்னு சொல்லிருதேன்."