கண்ணாடிப் பெட்டிக்குள் மைக்ராஸ்கோப்

புதிதாகத் தொடங்கிய மருந்துக் கம்பெனியின் வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய மைக்ராஸ்கோப் இருந்தது.

"நீ எப்படி இங்கே வந்தே?" என்று கேட்டது பக்கத்திலிருந்த காபி மெஷின்.

"முதலாளி காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணினப்போ அவர்கூட இருந்தேன். தினமும் குனிஞ்சு பார்த்துட்டு, 'இன்னும் தெரியலையே'ன்னு சொல்வார். மறுபடியும் பார்ப்பார்."

"அவரா? முதலீடு போட வர்றவங்ககிட்ட 'எல்லாம் தெரிஞ்சிடுச்சு'ன்னுல்ல சொல்றார்!"



அன்று பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். முதலாளி பெட்டியைத் திறந்து, போட்டோவுக்காகக் குனிந்தார். மைக்ராஸ்கோப்புக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

போட்டோ எடுத்தவர்கள் கிளம்பிப் போனார்கள். அவர் மட்டும் நிமிரவில்லை.

"அப்படி என்னத்தைப் பார்க்கிறார்?" என்றது காபி மெஷின்.

"கீழே ஸ்லைடே இல்லை," என்றது மைக்ராஸ்கோப். "ஆனாலும் ஃபோகஸ் குமிழைத் திருகிக்கிட்டே இருக்கார்."