மூன்று கோட்டு டயர்

விமான டயரை எப்போது மாற்ற வேண்டும் என்பதில் கொல்லிமலை முழுக்க வேல்முருகன் சொன்னதுதான் சட்டம்.

“கோடு அழிஞ்சா மாத்துங்க. பக்கவாட்டுல வெடிப்பு உட்டா மாத்துங்க. வேற எதுக்கும் மாத்தாதீங்க” என்பான்.

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று கீழே சமவெளியில் இருந்தது. டயரைச் சுற்றி ஓடும் மூன்று கோடும் கொஞ்சம் தேய்ந்ததுமே அவர்கள் கழித்துப் போடும் குட்டி டயர்களை ஏலத்தில் எடுத்து வந்து, செம்மேட்டில் கடை போட்டிருந்தான். ஆகாயத்திலிருந்து இறங்கும் கனத்தையே தாங்கிய டயருக்கு நாலு மூட்டை மரவள்ளிக்கிழங்கு எம்மாத்திரம்? மலையில் கைவண்டி வைத்திருந்த பதினெட்டுப் பேரும் ஆளுக்கொரு ஜோடி வாங்கி மாட்டினார்கள். கடை வாசலில் விளம்பரத்துக்காக ஒரே ஒரு டயரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டான். நாலு வருஷமாக அதுவும் தொங்கியது, பதினெட்டு வண்டிகளும் ஓடின. மறுபடி டயர் கேட்டுத்தான் யாரும் வரவில்லை.

அந்தக் கடைக்கு, 2001 கார்த்திகையில் ஒரு காலை, திண்ணனூர் நாட்டுச் சென்றாயன் மூச்சு வாங்க வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

“வேலு, ரெண்டு டயரையும் கழட்டுப்பா. ஆட்டோ டயரு இருந்தா ரிம்மோட மாட்டி உடு. சுருக்கா ஆகோணும்.”

வேல்முருகன் குந்தி உட்கார்ந்து கோட்டுக்குள் நகத்தை விட்டுப் பார்த்தான்.

“ஏனுங்ணா, நகம் முங்குற ஆழம் இருக்குதுங்க. இன்னும் மூணு வருஷத்துக்குக் கவலையில்லை. ஆட்டோ டயரு இந்த மேட்டுல ஒரு வருஷங்கூடத் தாங்காதுங்களே!”

“தாங்காட்டிப் போவுது. நீ கழட்டு.”

வேல்முருகன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பார்க்காமல் என்ன செய்வான்? முந்தின நாள்தான் அப்துல் சுக்கூர் பாயின் மிளகுக் குடோனில் இரண்டு மூட்டை காணாமல் போயிருந்தது. வாசல் சேற்றில் மூன்று நேர்கோடுகளாக ஒரு சக்கரத் தடம். பூவும் இல்லை, கட்டமும் இல்லை, வெறும் கோடு. ஏட்டு அர்த்தனாரி வேல்முருகனைத்தான் கூட்டிப்போய்க் காட்டினார். “சந்தேகமே வேண்டாமுங்க, விமான டயருதான்” என்று அவனும் அடித்துச் சொன்னான். மத்தியானத்துக்குள் சேதி மலை முழுக்கப் பரவிவிட்டது.

“ஏனுங்ணா, நீங்க அந்தக் குடோன் பக்கம் போனீங்களா?” என்று குரலைத் தாழ்த்தினான்.

“ஒண்ணுங் கேக்காத சாமி.”

“கேக்கலீங்க. ஆனா பழசுக்கு ரப்பர் வெலதான் தருவேன். இதையெல்லாம் கடையில வெச்சிருக்கறது எனக்கும் ஆபத்துதானுங்களே.”

ஒரு கட்டு கீரைக்கே அரை மணி நேரம் பேரம் பேசுகிற சென்றாயன் அன்று சொன்ன விலைக்கே தலையாட்டினான். அவன் கண் ரோட்டிலேயே இருந்தது. ஏட்டு வருவதற்குள் இந்த டயர் வண்டியை விட்டுப் போகாவிட்டால், வண்டி அவனை விட்டுப் போய்விடும். அந்த வண்டிதான் அவன் வீட்டுச் சோறு.

புது டயர் இரண்டும் மாட்டி முடிந்த நேரம், மொபெட் சத்தம் கேட்டது. ஏட்டேதான்!

வேல்முருகன் பழைய டயர்களைக் காலால் கடைக்குள் தள்ளி, படுதாவை இழுத்து மூடினான். காட்டிக்கொடுக்காத அந்த நல்ல மனசை நினைத்துச் சென்றாயனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்னப்பா சென்றாயா, புது டயரா?”

“ஆ... ஆமாங்க. பழசு தேஞ்சு போச்சுங்க.”

“சரி, சேதி தெரியுமா? பாயோட மூட்டை ரெண்டும் வந்துருச்சு. காத்தால குடோன் வாசல்லயே கெடந்துச்சாம். ஒரு மொளகு மணிகூடக் கொறையலை. பாய் கேஸே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாரு.”

சென்றாயன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அட என்ற சாமி! நானு அந்தக் குடோன் இருக்கற தெசைக்கே போகலீங்க. போன தடவ சந்தேகக் கேசுன்னு புடிச்ச சின்னராசு வண்டி இன்னும் ஸ்டேஷன் வாசல்ல துருப்புடிச்சுக் கெடக்குதுங்களே! என்ற வண்டியையும் கொண்டுபோயிட்டா சோத்துக்கு என்னங்க பண்ணுவேன்? அந்தப் பயத்துலதானுங்க நல்ல டயரைக் கழட்டுனேன்!”

ஏட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“வேலு, என்ற பழைய டயரையே மாட்டி உடு கண்ணு” என்றான் சென்றாயன்.

“வித்தது வித்ததுதானுங்ணா” என்றான் வேல்முருகன், எங்கோ பார்த்துக்கொண்டு. “வேணும்னா சந்தை வெலைக்கு வாங்கிக்கங்க.”

சென்றாயனுக்குச் சுருக்கென்றது. எழுந்துபோய்ப் படுதாவைத் தூக்கினான். உள்ளே அவனுடைய ஜோடியோடு சேர்த்துப் பதினோரு ஜோடி விமான டயர்கள். காணாமல் போனது இரண்டே மூட்டை. பயந்து ஓடி வந்தவர்கள் பதினோரு பேர்.

மொபெட்டைக் கிளப்பப் போன ஏட்டு, தலையைச் சொறிந்தார்.

“ஒண்ணுதாம்பா எனக்கு வெளங்கலை. கைவண்டின்னா ரெண்டு சக்கரம், ரெண்டு தடமில்ல இருக்கோணும்? இன்னொண்ணை மழை அழிச்சிருக்கும்னு நெனச்சேன். மழை ஒரு பக்கம் மட்டுமா பெய்யும்? அங்க இருந்தது ஒத்தைத் தடம்.”

சென்றாயன் மெல்லத் தலையை நிமிர்த்திக் கடை வாசலைப் பார்த்தான்.

நாலு வருஷமாகத் தரையைத் தொட்டே அறியாமல் கயிற்றில் தொங்கிய விளம்பர டயரின் மூன்று கோடுகளிலும் செம்மண் அப்பிக் காய்ந்திருந்தது.