வீதியின் பெயர்

"அலமாரியத் தெறக்கிறீங்களா, இல்ல நான் ஒடைக்கவா?"

தர்மிளா மேசையில் அறைந்த அறையில் கிளாக்கர் இப்திகாரின் பிளேன்டீ துள்ளி ரெஜிஸ்டரில் கொட்டியது. கலவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட அலுவலகம் அது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குத் தபால்காரன் போவதில்லை; எல்லாக் கடிதமும் இங்கேதான் வரும், கிளாக்கர் மனம் வைத்தால் லயத்துக்குப் போகும்.

இருபத்தேழு வருடத்துக்கு முன் தர்மிளாவின் பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் இதே அலமாரியில் பத்தொன்பது நாள் தூங்கியது. அப்பா கன்னையா கெஞ்சிக் கூத்தாடிக் கடைசி நாளில்தான் அதை மீட்டார்.

அந்தக் கதையை அவள் சொல்லாத மேடையில்லை. விரிவுரையாளர், பேராசிரியர், இப்போது ஒதுக்கப்பட்டவர்களை உள்ளே கொண்டுவரும் பிரிவுக்கே பிரதி உபவேந்தர். பதவி உயர உயரப் பத்தொன்பது நாள் சில மேடைகளில் ஒரு மாதமாகவும் ஆனதுண்டு.

இன்று பழைய பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவுடைய மகளின் முறை. தர்மிளா தொடங்கிவைத்த புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்து இரண்டு மாதம், பதிலே இல்லை. நாளையோடு பல்கலைக்கழகப் பதிவு முடிகிறது; காசு கிடைக்காவிட்டால் பிள்ளை கொழும்பில் துணிக்கடைக்குத்தான்.

சேதி கேட்டதும் தர்மிளா வேனில் பாய்ந்தேறினாள். வழியெல்லாம், வழக்கம்போல மடியிலிருந்த கடிதக் கட்டில் வளைவுக்கு நாலாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

"கோவப்படாதீங்க தங்கச்சி," வாசலில் கொழுந்துச் சாக்கோடு நின்ற வெள்ளையம்மா சொன்னாள். "போன வருசம் மகளுக்கு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த சான்றிதழக் கண்ணாடி போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கேன். தெனமும் அதப் பாத்துட்டுத்தான் மலைக்குப் போறேன்."

"கோவப்படாம? ஒங்க மகளயும் சாக்கு தூக்க வைக்கவா?"

இப்திகார் அலமாரியைத் திறந்தார். உள்ளே ஒரு குடை, ஒரு சீனி டின்.

"அது அந்தக் காலம் மேடம். நான் ஒரு கடிதத்தையும் தங்க வைக்கிறதில்ல." சட்டைப் பையிலிருந்து உறையொன்றை எடுத்தார். "இது இன்னைக்குக் காலையிலதான் வந்துச்சு. லயத்துக்குக் கெளம்புற நேரம்தான் நீங்க வந்து மேசைய ஒடைச்சீங்க."

வெள்ளையம்மா பிரித்து, அவரிடமே நீட்டினாள். இங்கிலீஷில் இருந்ததை இப்திகார் தமிழில் சொன்னார்: "விண்ணப்பத்த ஏத்துக்கலையாம். முகவரியில வீட்டு நம்பரும் வீதிப் பேரும் இல்லையாம்."

தர்மிளாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"லயத்துல ஏதுய்யா வீதி? ஆறாம் லயம்னு எழுதினா போதாதா? எந்த மடப்பயலுக்கு இது தெரியல? இதுல கையெழுத்து வச்சவன் நாளைக்கு அந்த நாற்காலியில இருக்க மாட்டான்!"

இப்திகார் தாளின் அடியைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

வெள்ளையம்மா எட்டித் தாளை வாங்கினாள். இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாதவள், அடிப்பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இது ஒங்க கையெழுத்துங்க, தங்கச்சி."